பதிவேட்டில் விழாத கேள்வி

"வரிசை எண் 23. உள்ளூர் மக்களுக்கு வேலைவாய்ப்பு கிடைக்குமா என்று கேட்டார். முன்னுரிமை அளிக்கப்படும் என்று நிறுவனத்தின் சார்பில் பதிலளிக்கப்பட்டது."

கருத்துக் கேட்புக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் பெரியவரைப் பற்றி இருந்தது இவ்வளவுதான். படித்துக் காட்டியதும் அவர் நாற்காலியின் முனைக்கு நகர்ந்து வந்து, "வக்கீலம்மா, நான் வேல கேக்கலையே. எனக்கு அறுபத்தெட்டு வயசாச்சு. நான் கேட்டது கரியமில வாயுவப் பத்தி" என்றார்.

2013 கோடை அது. தென்கடற்கரையில் ஒரு கிராமத்தை ஒட்டி நிலக்கரி அனல்மின் நிலையம் வர இருந்தது. 660 மெகாவாட் வீதம் இரண்டு அலகுகள். சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தாகிவிட்டது. அதை எதிர்த்து தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் கெடு. பெரியவரும் அவருடன் நான்கு பேரும் என்னிடம் வந்தபோது அதில் 21 நாள் ஓடிவிட்டது.

பெரியவர் இளவயதில் கிளிஞ்சல் சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்தவர். காளவாய் அணைந்த பிறகு வெள்ளையடிக்கும் வேலைக்குப் போனவர். விரல் நுனிகளில் சுண்ணாம்பு தின்ற வெடிப்பு இருந்தது. கூட்டத்தில் என்ன கேட்டீர்கள் என்றேன். அவர் சொன்னதை அன்றே குறித்து வைத்தேன்.

"நூறு கிலோ சிப்பியச் சுட்டா அம்பத்தஞ்சு, அம்பத்தாறு கிலோதான் நிக்கும். மிச்சம் காத்தோட போயிரும். குளிருக்கு காளவாய் ஓரமா படுத்தவன் விடியக்காலம் எந்திரிக்காம கெடந்ததப் பாத்திருக்கேன். கண்ணுக்குத் தெரியாததுதான், ஆனா இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். நீங்க இவ்வளவு கரிய எரிக்கப் போறீங்களே, சாம்பலுக்குக் குளம் வெட்டுதீங்க, புகைக்குக் கோபுரம் கட்டுதீங்க, அந்தக் காத்து எவ்வளவு வரும், அத எங்க வைக்கப் போறீங்கன்னு கேட்டேன்."

அவர் சொன்ன எடைக் கணக்கு வேதியியல் புத்தகத்தில் உள்ளதேதான். கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் நூற்றுக்கு 44 பங்கு கரியமில வாயுவாக வெளியேறும், 56 பங்கு சுட்ட சுண்ணாம்பாக நிற்கும். காளவாய்க்காரர்கள் தராசிலேயே கற்றுக்கொண்ட பாடம் அது. இந்தக் கேள்விதான் அரசுக் குறிப்பில் வேலைவாய்ப்பு விசாரணையாக மாறியிருந்தது.

மேல்முறையீட்டு மனுவில் பதினோரு காரணங்கள் எழுதினேன். சாம்பல் குளம் நிலத்தடி நீரை ஒட்டி இருப்பது, சுடுநீரைக் கடலில் விடுவது, திட்ட அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தில் பக்கங்கள் விடுபட்டது என்று வழக்கமானவை பத்து. ஒன்பதாவது காரணம் கரியமில வாயு. நிலையம் ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன் நிலக்கரி எரிக்கும், அதிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவின் அளவும் அதன் விளைவும் மதிப்பீட்டில் ஒரு வரியில்கூட இல்லை என்பது அதன் சாரம். என் ஜூனியர் தம்பி தயங்கினான். "மேடம், இதை வைத்தால் மற்றதும் பலவீனமாகத் தெரியும். எடுத்துவிடலாமே" என்றான். தொழில் முறையில் அவன் சொன்னது சரிதான். ஆனால் பெரியவர் கேட்டது அந்த ஒன்றைத்தான். கட்சிக்காரரின் கேள்வியை அதிகாரிகள் ஒருமுறை விழுங்கிவிட்டார்கள், வக்கீலும் விழுங்கினால் அவர் எங்கே போவார்? அது இருக்கட்டும் என்றேன்.

எதிர்த்தரப்புப் பதிலுரை வந்தபோது திகைத்துப்போனேன். சாம்பலுக்கு நாலு பக்கம், கடலுக்கு ஆறு பக்கம். ஒன்பதாவது காரணத்துக்கு மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட பக்கங்கள், வரைபடங்களோடு. கரியமில வாயு மாசே அல்ல, செடிகளின் உணவு. காற்றில் அதன் பங்கு வெறும் 0.04 சதவீதம், அவ்வளவு அற்பமான ஒன்றால் பூமியைச் சூடாக்க முடியாது. அண்டார்க்டிகப் பனிப்படிவங்களில் வெப்பம்தான் முதலில் ஏறியிருக்கிறது, வாயு நூற்றாண்டுகள் கழித்தே கூடியிருக்கிறது, ஆகவே வாயு விளைவு, காரணமல்ல. அது விழுங்கக்கூடிய வெப்பக் கதிரையெல்லாம் ஏற்கெனவே விழுங்கிவிட்டது, இனிமேல் கூடினாலும் ஒன்றும் ஆகாது. வெப்பம் ஏறியிருந்தால் அதற்குச் சூரியன் காரணம். இப்படி அடுக்கியிருந்தார்கள்.

புரோநோட்டு வழக்கும் பாகப்பிரிவினையும் நடத்தி வளர்ந்தவள் நான். இதற்கு என்ன மறு பதிலுரை போடுவது? பாளையங்கோட்டையில் இருந்த என் கல்லூரிக் காலத்து இயற்பியல் பேராசிரியையிடம் கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.

மேடம் பதிலுரையை முழுதாகப் படித்தார். எழுந்து போய் தன் பழைய வீட்டின் நடைச் சுவரில் விரலைத் தேய்த்துக் காட்டினார். வெள்ளை ஒட்டவில்லை. "போன பொங்கலுக்கு அடிச்ச சுண்ணாம்பு. அடிச்ச அன்னைக்குத் தொட்டா கையெல்லாம் வெள்ளை. இப்ப ஏன் ஒட்டல? காத்துல இருக்கிற கரியமில வாயுவ இழுத்துத்தான் இது கல்லா இறுகியிருக்கு. பத்தாயிரத்துல நாலு பங்குதான். அந்த நாலு பங்கு செய்த வேலை இது. நம்ம தாமிரபரணிக் கரையில நிக்கிற மருத மரம் பூரா அந்த நாலு பங்கில இருந்து எடுத்த கரியில நிக்குது. கொஞ்சம்னா ஒண்ணும் செய்யாதுன்னு யார் சொன்னது?"

பிறகு விளக்கினார். உலர்ந்த காற்றில் 99 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நைட்ரஜன், ஆக்சிஜன், ஆர்கான் மூன்றும் பூமியிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரைத் தடுப்பதில்லை. தடுப்பவை நீராவியும் கரியமில வாயுவும் இன்னும் சில வாயுக்களும்தான். நீராவி பலமானதுதான், ஆனால் கூடினால் மழையாகக் கொட்டிவிடும். வெப்பம் எவ்வளவோ அதற்கேற்பத்தான் அது காற்றில் நிற்கும். கரியமில வாயு அப்படிக் கொட்டுவதில்லை, நூற்றாண்டுகள் தங்கும். இதையெல்லாம் நேற்று யாரோ கண்டுபிடிக்கவும் இல்லை. 1859-இல் லண்டனில் ஜான் டிண்டல் ஆய்வகத்தில் அளந்து காட்டிவிட்டார். 1896-இல் ஸ்வீடனின் ஸ்வான்டே அர்ஹீனியஸ், இந்த வாயு இரட்டித்தால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். டிண்டலுக்கு மூன்று ஆண்டு முன்பே, 1856-இல், அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற பெண்மணி, கண்ணாடிக் குழாயில் இந்த வாயுவை அடைத்து வெயிலில் வைத்து, அது சாதாரணக் காற்றைவிட அதிகம் சூடாவதைக் காட்டியிருந்தார். அவர் பெயரை நான் அறிந்தது வழக்கெல்லாம் முடிந்த பிறகு. ஒன்றரை நூற்றாண்டு அவருடைய கட்டுரை கவனிப்பாரற்றுக் கிடந்தது என்று படித்தபோது வரிசை எண் 23 நினைவுக்கு வந்தது.

பனிப்படிவ வரைபடம்தான் என்னைத் தூங்கவிடாதது. வெப்பம் முன்னால், வாயு பின்னால் என்று கோடுகள் பளிச்சென்று காட்டுகின்றனவே? மேடம் அதை மறுக்கவில்லை. பனியுகங்கள் முடிந்தபோது முதல் தள்ளு தள்ளியது பூமியின் சுற்றுப்பாதையிலும் சாய்விலும் ஏற்பட்ட மாற்றம். அதனால் கொஞ்சம் சூடேற, கடலில் கரைந்திருந்த வாயு வெளியே வந்தது. வந்த வாயு சூட்டை மேலும் ஏற்றியது. அண்டார்க்டிகாவை மட்டும் பார்த்தால் வாயு பிந்தியதாகத் தெரியும். உலகெங்கும் 80 இடங்களின் பதிவுகளைச் சேர்த்து 2012-இல் வெளியான ஆய்வில், பெரும்பாலான இடங்களில் வெப்பம் வாயுவுக்குப் பின்னால் ஏறியது தெரிந்தது.

அதைக் கேட்டதும் எனக்கு என் பழைய புரோநோட்டுகள் கைகொடுத்தன. கடன் முதலில் வருகிறது, வட்டி பிறகு வருகிறது. பிறகு அந்த வட்டி அசலோடு சேர்ந்து கடனைப் பெருக்குகிறது. வட்டி பின்னால் வந்தது என்று காட்டிவிட்டால் வட்டியால் கடன் பெருகவில்லை என்று ஆகிவிடுமா? மறு பதிலுரையில் இதை இப்படியே எழுதினேன்.

அன்று என்னை மிகவும் பிடித்துக்கொண்டது வேறொன்று. இப்போது கூடியிருக்கும் வாயு கடலிலிருந்தோ எரிமலையிலிருந்தோ வந்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். "கைரேகை இருக்கு" என்றார் மேடம். கரியில் மூன்று வகை உண்டு. எடை 12, எடை 13, எடை 14. கார்பன்-14 சில ஆயிரம் ஆண்டுகளில் பாதி, பாதியாகச் சிதைந்துபோகும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியில் அது மிச்சமே இருக்காது. ஆதிச் செடிகளிலிருந்து வந்ததால் நிலக்கரியில் கார்பன்-13 சற்றுக் குறைவு. வளிமண்டலத்தில் வாயு கூடக்கூட, இந்த இரண்டின் விகிதமும் இறங்கிக்கொண்டே வருகிறது. கூடவே காற்றின் ஆக்சிஜனும் மிக நுணுக்கமான அளவில் குறைந்துவருகிறது. எங்கோ எதுவோ எரிந்தால்தான் அப்படிக் குறையும். கடலிலிருந்து வாயு கிளம்பி வந்திருந்தால் கடலில் அமிலத்தன்மை குறைந்திருக்க வேண்டும், அங்கேயோ கூடுகிறது. குற்றவியல் வழக்கில் இவ்வளவு ஒத்துப்போகும் சாட்சியங்கள் கிடைத்தால் எந்த அரசு வழக்கறிஞரும் நிம்மதியாகத் தூங்குவார்.

சூரியன் வாதத்துக்கு ஒரே பதில் போதும் என்றார். சூரியன் கூடுதலாகக் காய்ந்திருந்தால் வளிமண்டலத்தின் கீழடுக்கும் மேலடுக்கும் சேர்ந்தே சூடேற வேண்டும். வாயு காரணமென்றால் கீழே சூடேறும், மேலே குளிரும். 1967-இல் சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் கணக்கிட்டுச் சொன்னது அது. பின்னாளில் செயற்கைக்கோள்களும் பலூன்களும் அளந்தபோது மேலடுக்கு குளிர்ந்திருந்தது. 2021-இல் மனாபேக்கு நோபல் பரிசு அறிவித்த செய்தியைப் பார்த்ததும் மேடத்துக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

வழக்கு தொடங்கிய 2013-இன் மே மாதத்தில்தான் ஹவாயின் மௌனா லோவா நிலையத்தில் ஒரு நாள் சராசரி பத்து லட்சத்தில் 400 பங்கைத் தொட்டது என்று பத்திரிகைகளில் வந்தது. 1958-இல் சார்லஸ் கீலிங் அங்கே அளக்கத் தொடங்கியபோது 315-ஐ ஒட்டி இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 280. எட்டு லட்சம் ஆண்டுப் பனிப்படிவங்களில் ஒருமுறைகூட அது 300-ஐத் தாண்டிப் பெரிதாகப் போனதில்லை. அந்தச் செய்தித்தாளையும் இணைப்பாக வைத்தேன்.

விசாரணை சென்னையில், தென்மண்டல அமர்வில். தீர்ப்பாயத்தில் நீதித்துறை உறுப்பினரோடு துறை வல்லுநர் ஒருவரும் அமர்வார். எதிர்த்தரப்புக்கு வந்தவர் பெயர்பெற்ற மூத்த வழக்கறிஞர். பண்பானவர். நான் பேசும்போது குறுக்கே வராதவர்.

முதல் கேள்வி நீதித்துறை உறுப்பினரிடமிருந்து வந்தது. "40 லட்சம் டன் எரித்து 80 லட்சம் டன் வாயு எப்படி வரும்? எரித்ததைவிட வந்தது அதிகமாக இருக்கிறதே?" நிலக்கரியில் உள்ள ஒவ்வொரு 12 கிலோ கரியும் காற்றிலிருந்து 32 கிலோ ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு 44 கிலோ வாயுவாகிறது என்றேன். இவர்கள் இறக்குமதி செய்யப்போகும் நிலக்கரியில் ஏறக்குறைய 55 சதவீதம் கரி. பெருக்கினால் 80 லட்சம் வரும். அவர் தன் தாளில் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

வல்லுநர் உறுப்பினர் கேட்டது கடினமான ஒன்று. "விழுங்க வேண்டியதை ஏற்கெனவே விழுங்கிவிட்டது என்கிறார்களே, அதற்கு என்ன பதில்?" இது 1900-இல் க்னுட் ஆங்ஸ்ட்ராம் எழுப்பிய ஐயம், அரை நூற்றாண்டு பலர் அதை நம்பியும் இருந்தார்கள் என்று தொடங்கினேன். தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிர் ஒரே பாய்ச்சலில் வெளியே போய்விடுவதில்லை. ஒவ்வோர் அடுக்கும் விழுங்கி, மறுபடி மேலும் கீழுமாக உமிழும். காற்று மெலிந்த ஓர் உயரத்திலிருந்துதான் கடைசியில் விண்வெளிக்குத் தப்பும். வாயு கூடினால் அந்த உயரம் மேலே ஏறும். மேலே குளிர் அதிகம், குளிர்ந்த அடுக்கு குறைவாகத்தான் வெப்பத்தை வெளியே விடும். சூரியனிலிருந்து வருவது அப்படியே இருக்க, வெளியே போவது குறைந்தால் கீழே சூடு ஏறித்தானே தீரும்? 1970-இல் ஒரு செயற்கைக்கோளும் 1997-இல் இன்னொன்றும் பூமியிலிருந்து வெளியேறும் கதிரை அளந்தன. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2001-இல் வந்தது. கரியமில வாயு விழுங்கும் அலைநீளத்தில் வெளியேறும் கதிர் குறைந்திருந்தது. அந்தக் கட்டுரையின் நகலைக் கொடுத்தேன். அவர் வாங்கிப் படிக்கும்வரை நீதிமன்றம் அமைதியாக இருந்தது.

சட்டத்துக்கு வந்தோம். 2009-இன் தேசியக் காற்றுத்தரப் பட்டியலில் 12 மாசுகள் உண்டு, கரியமில வாயு அதில் இல்லை என்றார் மூத்தவர். உண்மை. நான் 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் 2(அ) பிரிவைப் படித்தேன். மனிதருக்கோ உயிரினங்களுக்கோ செடிகொடிக்கோ சொத்துக்கோ சுற்றுச்சூழலுக்கோ கேடு தரும் அல்லது தரக்கூடிய செறிவில் காற்றில் இருக்கும் எந்தப் பொருளும் காற்று மாசு. 'செறிவில்' என்ற சொல்லைத்தான் அழுத்திச் சொன்னேன். ஆற்றுநீர் பயிருக்கு உயிர்தான், அதே நீர் வெள்ளமாக வந்தால் ஊரையே கொண்டுபோகும். செடியின் உணவு என்பதால் எந்த அளவிலும் கேடில்லை என்று ஆகாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007-இல் மாசசூசெட்ஸ் வழக்கில், நான்குக்கு ஐந்து என்ற பெரும்பான்மையில், அவர்களுடைய காற்றுச் சட்டத்தின்படி இது மாசுதான் என்று சொல்லியிருந்ததையும் வைத்தேன். நம் உச்ச நீதிமன்றம் 1996-இல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை ஏற்று, கேடில்லை என்று காட்டும் பொறுப்பைத் தொழில் செய்பவர் தலையில் வைத்ததையும் நினைவூட்டினேன்.

அதன்பிறகு மூத்தவர் பேசியதுதான் என்னை அசைத்தது. இந்தியாவில் ஆளுக்கு ஆண்டுக்கு வெளியாகும் கரியமில வாயு இரண்டு டன்னுக்கும் குறைவு, அமெரிக்காவில் பதினாறு டன்னுக்கும் மேல். நூற்றைம்பது ஆண்டுகள் எரித்துப் பணக்காரர்களானவர்கள் அவர்கள். இந்தக் கடற்கரைக் கிராமத்துப் பிள்ளைகள் மின்வெட்டில் மெழுகுவத்தி வைத்துப் படிக்கிறார்கள். கணக்கை இவர்கள் தலையில் கட்டுவது எந்த நியாயம்? குரலை உயர்த்தாமல் கேட்டார். 2013-இல் தமிழ்நாட்டின் மின்வெட்டு எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கேள்வி நேர்மையானது. அன்றும் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் அப்படியே. நான் சொன்ன பதில் இதுதான்: உரிமையியல் வழக்கில் எழுவினாக்களைத் தனித்தனியாக வனைகிறோம். கடன் வாங்கினாரா என்பது ஒன்று, யார் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பது வேறொன்று. பின்னதில் எதிர்த்தரப்பு சொல்வதில் நிறைய நியாயம் இருக்கிறது. பணக்கார நாடுகள் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்த நியாயத்தைக் கேட்கவேண்டுமானால் முதல் எழுவினாவுக்கு ஆம் என்று பதில் சொல்லியாக வேண்டும். வாயுவால் கேடே இல்லை என்று இருபது பக்கம் எழுதிவிட்டு, அந்தக் கேட்டுக்கு அமெரிக்காதான் பொறுப்பு என்று இருபத்தோராம் பக்கத்தில் வாதாட முடியாது.

அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த காரணத்துக்குப் போனார்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தை முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின் விதி. அந்தப் பதிவைத் தாக்கல் செய்யும்படி முன்பே மனு போட்டிருந்தோம். கடைசி நாளன்று மடிக்கணினியில் ஓடவிட்டார்கள். பந்தல், நாற்காலிகள், போலீஸ். பெரியவர் ஒலிவாங்கியை இரு கையாலும் பிடித்தபடி நின்றார். காற்றிரைச்சலில் சில சொற்கள் தேய்ந்தாலும் "நூறு கிலோ சிப்பியச் சுட்டா" என்பது தெளிவாகக் கேட்டது. "அந்தக் காத்து எவ்வளவு வரும்?" என்பதும் கேட்டது. மேடையிலிருந்த அதிகாரி கையிலிருந்த தாளைப் பார்த்து ஓர் எண்ணைச் சொன்னார். அது கார்பன் மோனாக்சைடுக்கான எண். பெரியவர் மறுபடியும் பேச வாயெடுப்பதற்குள் ஒலிவாங்கி அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. வேலைவாய்ப்பு என்ற சொல்லே அவர் பேச்சில் இல்லை.

அடுத்த ஆண்டு தீர்ப்பு வந்தது. பொதுமக்கள் எழுப்பிய கேள்வி குறிப்பில் பதிவாகவில்லை, கேட்டதற்கு உரிய பதிலும் அளிக்கப்படவில்லை, தமிழ்ச் சுருக்கம் முழுமையாக இல்லை. இந்தக் காரணங்களால் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. கருத்துக் கேட்பை மீண்டும் நடத்த உத்தரவு. கரியமில வாயு காற்றுச் சட்டத்தின்படி மாசா என்ற கேள்விக்குள் போக இந்த வழக்கில் அவசியம் எழவில்லை, அது திறந்தே விடப்படுகிறது என்று ஒரு பத்தி. நான் மிக உழைத்தது அந்தப் பத்திக்குத்தான். வருத்தமாகத்தான் இருந்தது. பெரியவருக்கு வருத்தமில்லை. தீர்ப்பைத் தமிழில் சொல்லிக் காட்டியபோது ஒன்றை மட்டும் கேட்டார்: "நான் கேட்டது இப்ப எழுத்துல இருக்கா?" இருக்கிறது என்றேன். தீர்ப்பின் நகலை மஞ்சள் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

பிறகு சட்டம் மெல்ல நகர்ந்தது. 2019 டிசம்பரில் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் உர்ஹெண்டா வழக்கில், எங்கள் பங்கு சிறிது என்று அரசு ஒதுங்க முடியாது என்றது. அதே ஆண்டின் தொடக்கத்தில் இங்கே, உத்தராகண்டின் ரிதிமா பாண்டே ஒன்பது வயதில் போட்ட மனுவைப் பசுமைத் தீர்ப்பாயம் தள்ளுபடி செய்திருந்தது. 2021-இல் பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவான ஐபிசிசி தன் ஆறாவது அறிக்கையில், மனிதச் செயலால் பூமி சூடேறியது ஐயத்துக்கு இடமற்றது என்று எழுதியது. 2024 மார்ச் 21-இல் நம் உச்ச நீதிமன்றம், கானமயிலைக் காப்பதற்கான வழக்கில், பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டு வாழ்வது அரசியலமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகளுக்குள் அடங்கும் உரிமை என்று அறிவித்தது. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றமும் நாடுகளுக்கு இதில் சட்டக் கடமை உண்டு என்று கருத்துரை வழங்கியது.

பெரியவர் இவற்றில் எதையும் பார்க்க இல்லை. ஆனால் இரண்டாம் முறை நடந்த கருத்துக் கேட்புக்கு வந்திருந்தார். அச்சடித்த தமிழ்ச் சுருக்கத்தை அவருக்குப் பேத்தி படித்துக் காட்டினாள். பதினான்காம் பக்கத்தில் இருந்தது: கரியமில வாயு, ஆண்டுக்கு ஏறக்குறைய 80 லட்சம் டன். அந்தத் திட்டம் பின்னர் பணம் திரளாமல் நின்றுபோனது. அதற்கு எங்கள் வழக்குதான் காரணம் என்று நான் உரிமை கொண்டாடியதில்லை.

உங்கள் மாவட்டத்தில் இப்படியொரு கூட்டம் நடந்தால் போங்கள். அறிவிப்பு 30 நாளுக்கு முன்பே வர வேண்டும், சுருக்க அறிக்கை தமிழில் இருக்க வேண்டும், இரண்டும் உங்கள் உரிமை. வாயால் கேட்பதோடு விடாமல், கேள்வியை ஒரு தாளில் எழுதி மேடையில் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கரியமில வாயு ஆண்டுக்கு எத்தனை டன் என்பதை அதில் முதல் கேள்வியாக எழுதுங்கள்.